அசலா, மறுபதிப்பா, ஹாங்காங் நகலா? பழைய பிளாஸ்டிக் சிப்பாய்களில் காசை எதில் போடுவது

பழைய பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகளைச் சேர்ப்பது என்று முடிவெடுத்து, மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கியும் விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரத்தை எதில் போடுவது? முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதன்முதலில் வந்த அசல். அதே பழைய அச்சை வைத்துப் பின்னாளில் அடித்த மறுபதிப்பு. 1960களிலும் 70களிலும் ஹாங்காங்கில் அசலை வைத்து அச்செடுத்து அடித்த நகல். கடைசியாக, இன்றைக்குச் சிவன்மலைத் தைப்பூசத்திலும் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவிலும் கடை வாசலில் பை பையாகத் தொங்கும் புதுப் பொம்மை. இது பெரும்பாலும் நகலுக்கும் நகல்.

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் இருந்துகொண்டு சேர்ப்பவருக்கு எங்கள் பதில் தெளிவானது. முக்கால் பங்குக் காசு பழைய ஹாங்காங் நகலுக்குப் போகட்டும். அசலில் ஒரு நிலைக்கு ஒன்று, அதாவது முட்டி போட்டுச் சுடுபவன் ஒருவன், குண்டு எறிபவன் ஒருவன் என்று, அளவுகோலாக மட்டும் வாங்குங்கள். மறுபதிப்பு வண்ணம் பூசி அடுக்க நினைப்பவருக்கானது. திருவிழாப் பை கொலுப் பூங்காவுக்கும் பிள்ளைகளுக்கும். நகலை மட்டம் என்று ஒதுக்கும் பழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. அது தவறு என்று உறுதியாகச் சொல்கிறோம். காரணங்கள் பொம்மையின் உடம்பிலேயே இருக்கின்றன.

அசல் எது

ஈயச் சிப்பாய்களின் காலம் நீண்டது. பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடான ஈயப் பொம்மைகளை 1893இல் தொடங்கி 1966 வரை வார்த்தது. பிளாஸ்டிக்கில் முதலில் இறங்கியது அமெரிக்கா. பீட்டன் என்ற பெயரில் 1938இல் வந்தவை அங்கே முதல் பிளாஸ்டிக் சிப்பாய்கள். போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ராய் செல்வின் ஸ்மித் என்ற சிற்பி உருவாக்கிய ஹெரால்டு வரிசை வந்தது. பின்னர் அது பிரிட்டன்ஸ் கைக்குப் போனது. 1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் விரல் நுனி அளவுச் சிறு சிப்பாய்களை வெளியிட்டது. அமெரிக்காவில் லூயி மார்க்ஸ் நிறுவனம் கோட்டை, வண்டி, வீரர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொகுப்புகளை விற்றது. இங்கிலாந்தின் டிம்போ நிறுவனம் ஒரு நிறப் பிளாஸ்டிக்கின் மேல் இன்னொரு நிறத்தைச் செலுத்தி, தூரிகையே படாமல் பல நிறப் பொம்மை செய்தது. 1971இல் பிரிட்டன்ஸ் உலோக அடித்தட்டோடு டீடெயில் வரிசையைக் கொண்டுவந்தது.

பொம்மையைக் கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள், அடியைத் திருப்புங்கள். பெயர், நாடு, சிலவற்றில் வருடம்கூட அங்கேதான் இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அடியில் 'ஹாங்காங்' என்று இருந்தாலே நகல் என்று தள்ளிவிடக் கூடாது. ஹெரால்டு வரிசையின் உற்பத்தியை பிரிட்டன்ஸே 1966இல் ஹாங்காங்குக்கு மாற்றியது. ஹெரால்டு என்ற பெயரும் ஹாங்காங் என்ற ஊரும் சேர்ந்திருந்தால் அது அந்த நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. கம்பெனிப் பெயரே இல்லாமல் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் நகல் என்று சந்தேகிக்கலாம். 'எம்பயர் மேட்' என்று இருந்தாலும் பெரும்பாலும் ஹாங்காங்தான். அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1980களில் அங்கிருந்த பொம்மை ஆலைகள் எல்லை தாண்டிச் சீனப் பெருநிலத்துக்குப் போய்விட்டதால், 'ஹாங்காங்' என்ற எழுத்தே ஒரு கால அடையாளம். 'சைனா' என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. ஒன்றுமே எழுதாமல் வெறும் அடியாக இருந்தால் ஊர் எதையும் ஊகித்து எழுதாமல் 'மார்க் இல்லை' என்றே குறித்து வையுங்கள்.

டை தெரிந்த கண்ணுக்கு நகல் தெரியும்

கோயம்புத்தூர்க்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பேட்டர்ன், டை, மோல்டு, வெர்னியர் என்ற சொற்களோடு வளர்ந்த ஊர் இது. டை என்பது பிளாஸ்டிக்கைச் செலுத்தி உருவம் எடுக்கும் அச்சு, வெர்னியர் என்பது நுணுக்கமாக அளக்கும் கருவி. கணபதியிலோ பீளமேட்டிலோ டை வெட்டும் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தவரிடம் ஒரு பொம்மையைக் கொடுத்தால், அவர் சிப்பாயைப் பார்க்கமாட்டார், டை பிரிந்த கோட்டைப் பார்ப்பார். சேகரிப்பாளரும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அசலுக்குச் சிற்பி ஒருவர் மாதிரி உருவம் செதுக்குவார். அதிலிருந்து, மாதிரியைத் தடவிச் சென்று அதே வடிவை வெட்டும் பாண்டோகிராஃப் கருவி மூலமாகவோ வேறு வழியிலோ எஃகு டை வெட்டுவார்கள். நகல் எடுப்பவருக்குச் சிற்பி தேவையில்லை. கடையில் வாங்கிய பொம்மைதான் அவருக்கு மாதிரி. அந்தப் பொம்மையோ டையிலிருந்து வந்து ஆறும்போதே சுருங்கியது. பாலிதீன் சுமார் ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை சுருங்கும். நகல் டை எடுக்கும்போது அந்தச் சுருக்கத்துக்கு ஈடு சேர்க்காவிட்டால் அடுத்த தலைமுறை குட்டையாகும். 54 மி.மீ. அசலை இரண்டு சதவீதம் என்று கணக்கிட்டால் முதல் நகல் 52.9, நகலின் நகல் 51.9. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. வெர்னியரில் பிடித்தால் தெரியும். அளக்கும்போது அடித்தட்டின் மேற்பரப்பிலிருந்து தலைக்கவசத்தின் உச்சி வரை அளங்கள். தட்டின் தடிமன் அச்சுக்கு அச்சு மாறும், அதைச் சேர்த்தால் கணக்குக் கெட்டுவிடும்.

உயரத்தை மட்டும் நம்பவும் கூடாது. கைதேர்ந்த டை வேலைக்காரர் சுருக்கத்துக்கு ஈடு சேர்த்திருப்பார். ஒரே டையில் அடித்தவைகூட, ஆறவிடும் நேரம் குறைந்தால் அரை மில்லிமீட்டர் வேறுபடும். உயரத்தோடு இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போனால்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அந்த அடையாளங்களை ஓர் உருவத்தில் பார்ப்போம். முட்டி போட்டுத் துப்பாக்கி நீட்டும் வீரன். நல்ல அசலில் இடது கைக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சம் புகும் இடைவெளி இருக்கும். துப்பாக்கி வாரும் தோளும் தனித்தனியாகத் தெரியும். தாடையின் கீழ் கவசப் பட்டை ஒரு மெல்லிய வரியாக ஓடும். நகலில் அந்த இடைவெளி அடைந்திருக்கும். இரண்டு பாதி டை நேராகப் பிரியும்போது உள்ளே மடங்கிய இடங்கள் மாட்டிக்கொள்ளும். அதற்காகப் பக்கவாட்டில் நகரும் துண்டு வைத்தால் டை செலவு ஏறும். அதனால் இடுக்கை அடைத்துவிடுவார்கள். முட்டிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கட்டி, மார்போடு ஒட்டிய துப்பாக்கி, பட்டையே இல்லாத தாடை எல்லாம் இதன் விளைவு. பொத்தான்கள் வழுவழுப்பாகிவிடும். முகத்தில் மூக்கு மட்டும் மிஞ்சும். டை பிரிந்த கோட்டில் பிளாஷ், அதாவது இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக், படலமாக நிற்கும்.

இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது அடித்தட்டின் கீழ்ப்பக்கம். சில நகல்களில் ஒரு நீள்சதுரத் திட்டு மட்டும் சற்றே மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும். அசல் நிறுவனத்தின் பெயரை டையில் அழித்துவிட்டு அதன்மேல் ஊர்ப்பெயரை வெட்டிய தடம் அது. சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் பழைய எழுத்தின் ஓரெழுத்துக் கால்கூடச் சில நேரம் தெரியும். இப்படிப்பட்ட துண்டு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எந்த அசலிலிருந்து எந்த நகல் வந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

இதனால்தான் நகலைச் சேர்க்கச் சொல்கிறோம். அசல் ஒன்றுதான், நகலோ பல கிளை. ஒரே நிலை ஐந்தாறு விதமாக வரும். 54இல் ஒன்று, 40க்குச் சுருக்கியது ஒன்று, தட்டு வட்டமானது, தட்டு சதுரமானது, துப்பாக்கி மாற்றியது, தலைக்கவசம் மட்டும் வேறு நாட்டுக்கு மாறியது. அவற்றைத் தலைமுறை வரிசையில் நிறுத்தினால் ஒரு தொழிலின் வரலாறே மேசையில் நிற்கும். அசல் பெட்டிகளை முழுசாகச் சேர்ப்பவர் ஏற்கெனவே வெளிவந்த பட்டியலைத்தான் நிரப்புகிறார். நகல் சேர்ப்பவர் பட்டியலைத் தானே எழுத வேண்டியிருக்கிறது.

வயதாகும் பிளாஸ்டிக்

விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள். வாங்கும் பொருள் பத்து வருடம் நிற்குமா?

பழைய மென்சிப்பாய்கள் பெரும்பாலும் பாலிதீன். வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டாக்கும். வளைந்து கொடுத்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஒடியும். ஏர்ஃபிக்ஸின் பழைய உருவங்களில் இந்தக் கோளாறு பேர்போனது. சாயமும் கலவையும் வேறுவேறு என்பதால் ஒரே பெட்டியில் ஒரு நிறம் நொறுங்கும், மற்றது நன்றாக இருக்கும். நொறுங்கத் தொடங்கியதை எதைத் தடவியும் மீட்க முடியாது. நிறையக் காசு கொடுத்துக் கடல் தாண்டி வரவழைத்த அசல், உறையைப் பிரிக்கும்போதே கணுக்காலில் ஒடிந்து கிடப்பது இதனால்தான்.

சோதிப்பதற்குத் துப்பாக்கியை வளைத்துப் பார்க்காதீர்கள். ஒடிவதாக இருந்தால் அப்போதே ஒடிந்துவிடும். கணுக்கால், மணிக்கட்டு, துப்பாக்கி முனை மூன்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முடி போன்ற வெள்ளைக் கீறல், சுண்ணாம்பு பூசினாற்போல் மங்கல், விரலில் ஒட்டும் தூள், இவற்றில் எது இருந்தாலும் விலகிக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கும்போது கணுக்காலைக் கிட்டத்தில் எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதைத் தண்ணீரிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு குவளை நல்ல தண்ணீர். இன்னொரு குவளையில் ஒரு லிட்டருக்கு 300 கிராம் கல் உப்பைக் கரைத்து வடிகட்டிய நீர். நல்ல தண்ணீரில் மிதந்தால் பாலிதீன் வகை. அதில் மூழ்கி உப்புநீரில் மிதந்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். இரண்டிலும் மூழ்கினால் பி.வி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். பொம்மையின் அடிக்குழியில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் முடிவு தப்பாகும், தட்டி வெளியேற்றுங்கள். டீடெயில் போல் உலோகத் தட்டு உள்ளதற்கும், கையால் வண்ணம் பூசியதற்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

பி.வி.சி.யாக இருந்தால் தனியே வையுங்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் நாளாக நாளாக வெளியே கசிந்து பிசுபிசுக்கும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் பொம்மை உரசிக்கொண்டிருந்தால் அது இளகி ஒட்டிப் போகும்.

ஹாங்காங் நகல்களும் இதே பிளாஸ்டிக்தான், அவையும் நொறுங்கலாம். ஆனால் இங்கே நேரில் பார்த்துத் தொட்டு வாங்குகிறீர்கள். ஒன்று போனால் அதன் உடன்பிறப்பு அடுத்த பையில் கிடைக்கும். நட்டம் தாங்கும் அளவில் இருக்கிறது.

காசுக் கணக்கு

அசலில் இரண்டு செலவு ஒளிந்திருக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. தனிநபருக்கு வரும் பார்சலை வேறு தலைப்பில் வேறு விகிதத்தில் மதிப்பிடுவார்கள். பொருள் விலையோடு அனுப்பும் செலவும் வரிக் கணக்கில் சேரலாம். ஒரு பேச்சுக்கு, 600 ரூபாய்ப் பொம்மைக்கு 1,500 ரூபாய் அனுப்பும் செலவு என்றால், வரிக்கு முன்பே 2,100 ஆகிவிடும். அதனால் ஒற்றைப் பொம்மையாக வரவழைப்பது வீண். மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒரே விற்பவரிடம் இருபது முப்பது உருவங்களாக எடுத்துப் பங்கிட்டுக்கொள்வதே கட்டுப்படியாகும். எடை பெரிதாக ஏறாது. 54 மி.மீ. பாலிதீன் சிப்பாய் ஒன்று சில கிராம்தான்.

உள்ளூரில் அசல் கிடைப்பது அரிது. தேடுவதானால் குன்னூர், வெலிங்டன், ஊட்டிப் பக்கத்துப் பழைய பங்களாச் சாமான்கள் விலைக்கு வரும்போது கேட்டு வையுங்கள். நகலுக்கு உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள், ஊர் ஊராக உள்ள பழைய இரும்புக்கடைகள், உறவுக்காரர் வீட்டு அட்டாலிகள், அதாவது பரண்கள். பிளாஸ்டிக்கைக் கிலோ கணக்கில் அரைக்க அனுப்பும் கடைக்காரரிடம், சிப்பாய், குதிரை, மாடு வந்தால் தனியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். அரைவைக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

கடையில் பேச்சு வழக்கமாக இப்படிப் போகும்:

"ஏனுங்கண்ணா, இந்தச் சோல்ஜர் பொம்மை எவ்வளவுங்க?"

"பையோட எடுத்துக்குங்க தம்பி. பொறுக்கி எடுத்தா மிச்சத்தை நான் யாருக்கு விக்கறது?"

பையோடு எடுங்கள். பொறுக்கினால் எது உயர்ந்தது என்பதை நீங்களே அவருக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். தவிர, ஒரே பையில் கிடந்தவை ஒரே வீட்டில் ஒரே காலத்தில் வாங்கியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். மார்க் இல்லாத துண்டுக்கு மார்க் உள்ள துண்டு காலம் சொல்லும். வீட்டுக்கு வந்து பிரிக்கும் முன் பையை அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபதிப்பும் திருவிழாப் பையும்

மறுபதிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மார்க்ஸின் டைகள் பல கை மாறி மெக்சிகோவிலும் பிறகு வேறு நாடுகளிலும் அடித்தன. அமெரிக்காவின் டிம் மீ சிப்பாய்கள் இன்றும் பழைய டைகளிலிருந்து புதிதாக வருகின்றன. ஏர்ஃபிக்ஸ் 2006இல் ஹார்ன்பி நிறுவனத்திடம் போன பிறகும் பழைய தொகுப்புகள் சில திரும்ப வந்தன. உருவம் அசலே, பிளாஸ்டிக் புதியது, எளிதில் நொறுங்காது. உயரமும் அசலோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். தேய்ந்த டை என்பதால் ஓரங்களில் பிளாஷ் கூடும், அவ்வளவுதான். மறுபதிப்பை அசல் என்று விற்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நிறம் பளிச்சென்றும், பிளாஸ்டிக் மெழுகுபோல் வழுவழுப்பாகவும், அழுக்கே ஏறாத அடிக்குழியோடும் இருந்தால் அசல் விலை கொடுக்காதீர்கள். அரிய உருவங்களை ரெசின் என்ற கெட்டியாகும் பிசினில் வார்த்தும் விற்கிறார்கள். அது கனமாக இருக்கும், வளையாது, நல்ல தண்ணீரில் மூழ்கும்.

வண்ணம் பூசுவதற்கு மறுபதிப்பே சரி, பழையதில் தூரிகை வைக்காதீர்கள். பாலிதீனில் வண்ணம் சும்மா பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் அக்ரிலிக் பூசுங்கள். துப்பாக்கி முனை வளைந்தால் பூச்சு வெடித்து உரியும் என்பதையும் எதிர்பார்த்தே பூச வேண்டும்.

திருவிழாப் பையில் பழைய ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ் நிறுவனங்களின் நிலைகள் மூன்றாம் நான்காம் தலைமுறையாக வருவதைக் காணலாம். வரிசையின் கடைசி ஆளாக ஒரு பை வாங்கி வைப்பது நல்லது. பிள்ளைகளுக்கானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பழைய சிப்பாய்களைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. அந்தக் கால வண்ணங்களிலும் சாயங்களிலும் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

வாங்கி வந்த பிறகு

வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, பத்து நிமிடம் ஊறல், மென்மையான பல் துலக்கி. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் வேண்டாம். கையால் வண்ணம் பூசிய ஹெரால்டு போன்றவற்றுக்கு ஈரப்பஞ்சால் ஒற்றினால் போதும்.

வளைந்த துப்பாக்கியை நிமிர்த்த, கொதி அடங்கி 80 டிகிரிக்கு வந்த நீரில் அந்தப் பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்கி, விரலால் நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வையுங்கள். கீறல் விழுந்ததற்கும் பூச்சுள்ளதற்கும் இதைச் செய்யாதீர்கள். ஒடிந்ததை ஒட்டச் சாதாரணச் சூப்பர் குளூ பாலிதீனில் நிற்காது. அதற்கென்ற பிரைமரோடு சேர்ந்து வரும் பசை வாங்க வேண்டும்.

வைக்கும் இடம்தான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. ஈரோடு, கரூர், சேலம் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலுள்ள அட்டாலி அடுப்பாகிவிடும். வீட்டின் நடு அறையில், தரையை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. பாச்சை உருண்டை போடும் அலமாரியில் வைக்காதீர்கள், அதன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அது இளகி ஒட்டிக் கறை விடும். பளபளப்பான பி.வி.சி. உறையும் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், பாலிதீன் பையில் ஒவ்வொன்றாகப் போட்டு, பையில் ஊசித்துளை இரண்டு குத்தி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அதில் நிலை, மி.மீ. உயரம், அடியிலுள்ள எழுத்து, மிதந்ததா மூழ்கியதா, எந்த ஊர்க் கடையில் எந்தத் தேதியில் எந்தப் பையோடு வந்தது என்பதை எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை பிளாஸ்டிக்கில் இறங்கிவிடும்.